பல மென்பொருட்கள், ஒரே வியாபாரம்: தரநிலை அப்ளிகேஷன் சர்வர் வழியாக இணைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நடுத்தர பம்ப் உற்பத்தி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டரும் உற்பத்தியும் எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில். கிளைகளின் கணக்கு டாலியில். குடோன் இருப்பு, ஆரக்கிள் டேட்டாபேஸ் மேல் பல வருஷம் முன்பு எழுதப்பட்ட ஒரு உள்ளூர் புரோகிராமில். டீலர்கள் ஆர்டர் போடுவதற்குத் தனியாக ஒரு இணையதளம். பில் போட்டவுடன் இ-இன்வாய்ஸ் எண் வாங்க ஜிஎஸ்டி போர்ட்டல். கோவைப் பக்கம் இப்படி ஐந்தாறு மென்பொருட்களை வைத்துக்கொண்டு ஓடுகிற கம்பெனிகள் நிறைய. இவற்றை ஜாவா தரநிலையில் அமைந்த அப்ளிகேஷன் சர்வர் வழியாக இணைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நிரல் எழுதுபவர்களுக்கும், அவர்களுக்கு வேலை சொல்கிற மேலாளர்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்ளிகேஷன் சர்வர் என்று எதைச் சொல்கிறோம்?

உங்கள் வியாபார நிரலுக்கு அடியில் இருந்துகொண்டு பொதுவான வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கும். பரிவர்த்தனையை, அதாவது முழுவதும் நடக்க வேண்டிய அல்லது ஒன்றுமே நடக்கக் கூடாத வேலைத் தொகுப்பை, தொடங்கி, முடிக்கும் அல்லது பழையபடி திருப்பும். க்யூவில், அதாவது செய்திகள் வரிசையாகக் காத்திருக்கும் இடத்தில், செய்தி வந்தால் எடுத்து உங்கள் நிரலிடம் கொடுக்கும். உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கும். நடுவில் மின்சாரம் போய் மறுபடி எழுந்தால், பாதியில் நின்ற பரிவர்த்தனைகளைத் தேடிப்பிடித்து முடிக்கும்.

இந்தச் சேவைகளை எந்தப் பெயரில், எந்த வடிவில் கேட்க வேண்டும் என்பது பொது ஒப்பந்தமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் தரநிலை என்கிறோம். அதை மதித்து எழுதினால், ஒரு கம்பெனியின் சர்வரை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது நிரலின் பெரும்பகுதி அப்படியே வரும். சர்வரைச் சுற்றியிருக்கும் செட்டிங்குகள் அப்படி வராது. உதாரணமாக, ஒரு பரிவர்த்தனை எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற வரம்பு: ஆரக்கிளின் வெப்லாஜிக் சர்வரில் இயல்பாக 30 விநாடி, ஐபிஎம்மின் வெப்ஸ்பியரில் 120, இலவசமான வைல்ட்ஃப்ளையில் 300. வைல்ட்ஃப்ளையில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த இரவு வேலை, வெப்லாஜிக்கில் ஏற்றியதும் பாதியில் திரும்பிவிடும். நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

இரண்டு மென்பொருளை நேரடியாக ஒட்டிவிட்டால் என்ன? நடுவில் ஒரு சர்வர் எதற்கு?

இரண்டே இரண்டு என்றால் நேரடியாக ஒட்டுங்கள், தப்பே இல்லை. ஆறு மென்பொருட்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் 15 இணைப்புகள் வரைக்கும் போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் எழுதியது, ஒவ்வொரு விதமாகத் தவறும். அதைவிட முக்கியம், எது தவறியது என்று பார்க்க ஒரே இடம் இல்லாமல் போவது. டீலர் போன் செய்து "ஆர்டர் போட்டேன், என்னாச்சு?" என்று கேட்கும்போது ஐந்து பேரை எழுப்ப வேண்டியிருக்கும்.

இந்தத் தரநிலைகளை வகுத்தது யார்? இப்போது யார் கையில் இருக்கிறது?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999 டிசம்பரில் ஜே2இஇ 1.2 என்ற பெயரில் முதல் பதிப்பை வெளியிட்டது. அதற்கு முன்னால், 1990களில், இதே வேலைக்கு கோர்பா என்ற தரநிலை இருந்தது. மொழி எதுவானாலும் இணைக்கலாம் என்பது அதன் பலம், எழுதுவது கடினம் என்பது அதன் பலவீனம். 2001-ல் வந்த ஜே2இஇ 1.3-ஐத்தான் இணைப்பு வேலைக்கான உண்மையான தொடக்கம் என்று சொல்வேன். க்யூவிலிருந்து செய்தி வந்ததும் தானாக இயங்கும் பீன்களும் (சர்வருக்குள் ஓடும் உங்கள் நிரல் துண்டுகள்), வெளி மென்பொருட்களை சர்வரோடு பொருத்தும் கனெக்டர் தரநிலையும் அதில்தான் உள்ளே வந்தன. 2003-ல் 1.4, வெப் சர்வீஸ்களைச் சேர்த்தது. 2006-ல் ஜாவா இஇ 5 எழுதும் சுமையை வெகுவாகக் குறைத்தது.

2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. 2017-ல் ஜாவா இஇ 8-ஐ வெளியிட்ட கையோடு, முழுத் தரநிலையையும் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் அறிவித்தது. 2018-லிருந்து அதன் பெயர் ஜகார்த்தா இஇ.

எந்த சர்வரைத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் ஏற்கெனவே லைசென்ஸும் தெரிந்த ஆட்களும் எதற்கு இருக்கிறார்களோ, அதிலிருந்து யோசியுங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸ், ஆரக்கிள் நிதி மென்பொருள் என்று ஓடும் இடத்தில் வெப்லாஜிக் இயல்பாகப் பொருந்தும். ஐபிஎம் மெயின்ஃபிரேமும் எம்க்யூ என்ற அதன் க்யூ மென்பொருளும் இருக்கும் வங்கிகளில் வெப்ஸ்பியர். லைசென்ஸ் செலவு இல்லாமல் தொடங்க வைல்ட்ஃப்ளை, ஓப்பன் லிபர்ட்டி, பயாரா மூன்றுமே நல்லவை. வைல்ட்ஃப்ளைக்கு ரெட்ஹாட்டின் ஜேபாஸ் இஏபி, ஓப்பன் லிபர்ட்டிக்கு ஐபிஎம் என, பின்னால் பணம் கொடுத்து ஆதரவு வாங்கும் வழியும் உண்டு.

மேலே சொன்ன பம்ப் கம்பெனி என்னைக் கேட்டால் வைல்ட்ஃப்ளை என்றுதான் சொல்வேன். ஆர்ட்டெமிஸ் என்ற க்யூ மென்பொருள் அதற்குள்ளேயே வருகிறது, பரிவர்த்தனை மேலாளரும் முதிர்ந்தது.

டாம்கேட் என்ற சிறிய ஜாவா வெப் சர்வர் ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா?

இணையப் பக்கமும் ரெஸ்ட் சேவையும் (எச்டிடிபி வழியாக மற்ற மென்பொருட்களுக்குப் பதில் தருவது) மட்டும் என்றால் போதும். க்யூ, கனெக்டர், பல டேட்டாபேஸ்களைச் சேர்த்த பரிவர்த்தனை ஆகியவை டாம்கேட்டுக்குள் கிடையாது. அவற்றைத் தனித்தனி நூலகங்களாகக் கொண்டுவந்து நீங்களே பொருத்தலாம். பொருத்திய பிறகு அதைப் பராமரிப்பதும் நீங்கள்தான்.

எஸ்ஏபி, மெயின்ஃபிரேம் மாதிரி பெரிய மென்பொருட்களை எப்படி உள்ளே கொண்டுவருவது?

கனெக்டர் தரநிலை வழியாக. ஜேசிஏ என்று சொல்வார்கள். அந்த மென்பொருளுக்கான அடாப்டரை ஒரு கோப்பாக சர்வரில் ஏற்றுகிறீர்கள். அடாப்டருக்கும் சர்வருக்கும் நடுவே மூன்று ஒப்பந்தங்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு: கனெக்ஷனை யார் திறந்து மூடுவது, பரிவர்த்தனையில் எப்படிச் சேர்வது, பயனர் அடையாளத்தை எப்படிக் கொடுப்பது. 1.5 பதிப்பிலிருந்து எதிர்த்திசையும் வந்தது. அதாவது வெளி மென்பொருளே செய்தியை சர்வருக்குள் தள்ளலாம். ஐபிஎம் எம்க்யூவை வைல்ட்ஃப்ளையோடு சேர்ப்பது இப்படித்தான்: ஐபிஎம் கொடுக்கும் அடாப்டர் கோப்பை ஏற்றினால், உங்கள் பீன் அந்த க்யூவைத் தன் சொந்த க்யூ போலவே கேட்கும்.

எஸ்ஏபி விஷயத்தில், அதன் ஆவணச் செய்திகளான ஐடாக், பரிவர்த்தனை ஆர்எஃப்சி என்ற முறையில் வரும். ஒவ்வொரு அழைப்போடும் ஒரு பரிவர்த்தனை அடையாள எண்ணும் சேர்ந்து வருகிறது. நெட்வொர்க் அறுந்தால் எஸ்ஏபி அதே எண்ணோடு மறுபடி அனுப்பும். அந்த எண்ணை நீங்கள் உங்கள் டேட்டாபேஸில் எழுதி வைத்து, மறுபடி வந்தால் "இது ஏற்கெனவே வந்துவிட்டது" என்று அமைதியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இதை எழுதாமல் விட்டால் டெஸ்ட்டில் ஒருபோதும் தெரியாது. நெட்வொர்க் ஆடும் முதல் நாளில் ஆர்டர்கள் இரட்டிப்பாகும்.

டாலியை எப்படி இணைப்பது? அதற்கு அடாப்டர் உண்டா?

டாலி தானே ஒரு சின்ன எச்டிடிபி சர்வராக நின்று, வழக்கமாக 9000 போர்ட்டில், எக்ஸ்எம்எல் வாங்கும், எக்ஸ்எம்எல் கொடுக்கும். வவுச்சரை அந்த வடிவில் அனுப்பினால் பதிவு செய்துகொள்ளும். தனி அடாப்டர் தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில். டாலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சரியான கம்பெனி அதில் திறந்திருக்க வேண்டும். கிளையில் ஏழு மணிக்குக் கணக்காளர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். தலைமை அலுவலகத்தில் எட்டு மணிக்குப் பில் போட்டால்? அதனால்தான் கிளைக்கு ஒரு க்யூ வேண்டும். காலையில் டாலி திறந்ததும், காத்திருந்த வவுச்சர்கள் ஒவ்வொன்றாக, போட்ட வரிசையில் போகட்டும். ஒரு கிளைக்கு ஒரே நேரத்தில் ஒரே ஒரு செய்தியைத்தான் எடுக்க வேண்டும் என்று பீனின் செட்டிங்கில் கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ரசீது முதலிலும் அதற்குரிய பில் பிறகும் போய் விழும்.

க்யூக்களுக்கான ஜேஎம்எஸ் என்ற ஜாவா தரநிலை இருப்பதால் எந்த க்யூவும் எந்த க்யூவோடும் பேசுமா?

பேசாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு திட்டம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜேஎம்எஸ் வரையறுப்பது உங்கள் ஜாவா நிரல் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும். கம்பி வழியாக என்ன பைட்டுகள் போகின்றன என்பதை ஒவ்வொரு தயாரிப்பும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. ஆர்ட்டெமிஸ் கிளையன்ட்டை வைத்து ஐபிஎம் எம்க்யூவைத் தொட முடியாது. அந்தந்த க்யூவுக்கு அதனதன் நூலகம் வேண்டும். கம்பியிலேயே பொதுவாக இருக்க வேண்டுமென்றால் ஏஎம்க்யூபி 1.0 இருக்கிறது. 2012-ல் ஒயாசிஸ் அமைப்பு அதைத் தரநிலையாக்கியது, 2014-ல் ஐஎஸ்ஓ தரநிலையும் ஆனது. டாட்நெட்டிலோ பைத்தானிலோ எழுதிய மென்பொருள் எதிர்ப்பக்கம் இருந்தால் அந்த வழியைப் பாருங்கள்.

ஒரு தவறான செய்தி வந்து க்யூவே நின்றுபோகிறது. என்ன செய்ய?

பீன் செய்தியை எடுக்கிறது, ஒரு பிழை வருகிறது, பரிவர்த்தனை திரும்புகிறது, செய்தி மறுபடி க்யூவுக்கே போகிறது, மறுபடி எடுக்கப்படுகிறது. ஆர்ட்டெமிஸில் இயல்பாகப் பத்து முறைக்குப் பிறகு இறந்த செய்திகளுக்கான தனி க்யூவுக்குப் போய்விடும். அந்த க்யூவை யார் பார்ப்பது என்று முதல் நாளே ஒரு ஆளின் பெயரை எழுதி வையுங்கள். மறுமுயற்சிகளுக்கு நடுவே இடைவெளியும் வையுங்கள். எதிர்ப்பக்க சர்வர் இரண்டு நிமிஷம் படுத்திருந்தால், பத்து முயற்சியும் ஒரே விநாடியில் தீர்ந்து, நல்ல செய்திகளெல்லாம் அந்தத் தனி க்யூவில் போய்க் கிடக்கும்.

எத்தனையாவது முயற்சி இது என்று ஒவ்வொரு செய்தியிலும் எண்ணிக்கை வரும், ஜேஎம்எஸ் 2.0-லிருந்து அது கட்டாயம். அதை லாகில், அதாவது பதிவுக் கோப்பில், எழுதுங்கள்.

எக்ஸ்ஏ பரிவர்த்தனை தேவையா? பயந்து ஒதுங்கச் சொல்கிறார்களே?

க்யூவிலிருந்து ஆர்டரை எடுத்து, குடோன் டேட்டாபேஸில் இருப்பைக் குறைக்க வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. இதற்குத்தான் எக்ஸ்ஏ. எக்ஸ்/ஓப்பன் அமைப்பு 1991-ல் வெளியிட்ட இடைமுகம் இது. இன்று எல்லாப் பெரிய டேட்டாபேஸ்களும் க்யூக்களும் இதைப் பேசும்.

முதல் கட்டத்தில் சர்வர் ஒவ்வொருவரிடமும் "தயாரா?" என்று கேட்கிறது. தயார் என்று சொன்னவர், மாற்றத்தைத் தன் லாகில் எழுதி, மாறும் அட்டவணை வரிகளைப் பூட்டி வைத்துக் காத்திருப்பார். எல்லோரும் தயார் என்றதும் சர்வர் தன் முடிவைத் தன் லாகில் எழுதும். பிறகு இரண்டாம் கட்டம்: "முடியுங்கள்." சாதாரண நாளில் எல்லாம் மில்லி விநாடிகளில் முடிந்துவிடும்.

இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே சர்வர் விழுந்தால் என்ன நடக்கும் என்பதில்தான் எல்லாப் பயமும். ஆரக்கிள் டேட்டாபேஸ் அந்த அட்டவணை வரிகளைப் பூட்டியபடியே வைத்திருக்கும். அதே பொருளைத் தொட வரும் அடுத்த ஆளுக்கு ஓஆர்ஏ-01591 என்ற பிழை வரும். சர்வர் மறுபடி எழுந்ததும் தன் லாகைப் படித்து, டேட்டாபேஸிடம் "என் பெயரில் முடியாமல் கிடப்பது என்ன?" என்று கேட்டு முடித்து வைக்கும். இது தானாக நடக்க மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும், மூன்றையும் மக்கள் கோட்டை விடுகிறார்கள்.

சர்வர் பயன்படுத்தும் டேட்டாபேஸ் பயனருக்கு, நிலுவைப் பரிவர்த்தனைகளைப் பார்க்கும் அனுமதியும் டிபிஎம்எஸ்_எக்ஸ்ஏ தொகுப்பை இயக்கும் அனுமதியும் வேண்டும். சாதாரண வேலைக்கு இவை தேவைப்படாது என்பதால் டேட்டாபேஸ் நிர்வாகி கொடுத்திருக்க மாட்டார். விழுந்து எழுந்த அன்றுதான் தெரியவரும். அடுத்தது, சர்வரின் பரிவர்த்தனை லாக் அழியாத டிஸ்க்கில் இருக்க வேண்டும். கன்டெய்னரில் (தேவைப்படும்போது உருவாக்கி, பிறகு அழித்துவிடும் மென்பொருள் பெட்டி) ஓட்டி, கன்டெய்னர் போனால் டிஸ்க்கும் போகும்படி வைத்திருந்தால், எடுத்த முடிவும் அதோடு போகும். மூன்றாவது வைல்ட்ஃப்ளைக்கே உரியது: பரிவர்த்தனைப் பிரிவில் ஒவ்வொரு சர்வரையும் பிரித்துக் காட்டும் நோட் அடையாளம் ஒன்று உண்டு, இயல்பு மதிப்பு 1. இரண்டு சர்வர்களையும் அப்படியே விட்டால், ஒரு சர்வர் மீட்பு வேலையில் இறங்கும்போது இன்னொன்றின் உயிரோடிருக்கும் பரிவர்த்தனையைத் தன்னுடையது என்று நினைத்துத் திருப்பிவிடக்கூடும். தொடங்கும்போதே லாகில் எச்சரிக்கை வரும். அதை யாரும் படிப்பதில்லை.

இந்த மூன்றையும் சரி செய்து, சோதனைச் சூழலில் சர்வரை வேண்டுமென்றே நடுவில் கொன்று பார்த்துவிட்டால், எக்ஸ்ஏ நம்பத்தகுந்த கருவி. ஒரே கட்டடத்தில் இருக்கும் க்யூவுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே தயங்காமல் பயன்படுத்துங்கள். இணையத்தைத் தாண்டி, அடுத்தவர் மென்பொருளை இதற்குள் இழுக்காதீர்கள்.

இ-இன்வாய்ஸ் போர்ட்டலை இந்தப் பரிவர்த்தனைக்குள் சேர்க்க முடியுமா?

முடியாது, எச்டிடிபி அழைப்புக்கு எக்ஸ்ஏ கிடையாது. "தயாரா?" என்று கேட்டால் பதில் சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை. இந்தியாவில் இப்போது பல கம்பெனிகளுக்கு இதுதான் முதல் உண்மையான இணைப்பு வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இ-இன்வாய்ஸ் கட்டாயம் 2020 அக்டோபர் 1-ல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கியது. படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் கட்டாயமானது. பில்லை ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பினால், ஐஆர்என் என்ற 64 எழுத்து அடையாளமும், கையொப்பமிட்ட க்யூஆர் கோடும் திரும்பி வரும்.

செய்ய வேண்டிய முறை இது. பில்லை உங்கள் டேட்டாபேஸில் எழுதும் அதே பரிவர்த்தனையில், "அனுப்ப வேண்டியவை" என்ற அட்டவணையிலும் ஒரு வரி எழுதுங்கள். தனியாக ஒரு வேலை அந்த அட்டவணையைப் படித்துப் போர்ட்டலைக் கூப்பிடும், பதிலை எழுதும். பில் பதிவானால் அனுப்பும் கடமையும் பதிவாகிவிடும், இரண்டில் ஒன்று தொலையாது.

இனி, அழைப்பு போய்விட்டது, பதில் வருவதற்குள் லைன் அறுந்தது என்று வையுங்கள். ஐஆர்என் உருவானதா, இல்லையா? தயங்காமல் மறுபடி அனுப்பலாம். ஏற்கெனவே உருவாகியிருந்தால் 2150 என்ற பிழை எண்ணோடு "இரட்டை" என்று வரும். அந்தப் பதிலுக்குள்ளேயே பழைய ஐஆர்என்னும் ஒப்புகை எண்ணும் தேதியும் இருக்கும். ஆக, 2150-ஐத் தோல்வி என்று எழுதாமல், உள்ளே இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு வெற்றியாக முடிக்கலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். ஐஆர்என் எதிலிருந்து கணக்கிடப்படுகிறது? விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண். தொகை அதில் இல்லை. முதல் அழைப்பு போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமல் போனது, அதற்குள் பில்லிங் ஆள் அதே எண்ணில் தொகையைத் திருத்திவிட்டார், மறுபடி அனுப்பினீர்கள். 2150 வரும், பழைய ஐஆர்என் வரும், உங்கள் மென்பொருளும் நிம்மதியாக அதை ஒட்டிக்கொள்ளும். அரசிடம் ஒரு தொகை, உங்கள் பில்லில் இன்னொரு தொகை. அதனால் "அனுப்ப வேண்டியவை" அட்டவணையில் வரி விழுந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பில்லைத் திருத்த முடியாமல் பூட்டுங்கள். அனுப்பிய ஜேசனை அப்படியே சேமித்தும் வையுங்கள். திருத்தம் வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புது எண்ணில் போடட்டும், அதற்கு மேல் ஆனால் கிரெடிட் நோட்.

தரநிலைகளைப் பின்பற்றினால் தரவு தானாகப் பொருந்திவிடுமா?

இல்லை. என் அனுபவத்தில், இணைப்பு வேலைகள் காலதாமதமாவதற்கு முதல் காரணம் இதுதான். எக்ஸ்எம்எல்லும், சோப் (SOAP) என்ற வெப் சர்வீஸ் நெறிமுறையும், க்யூவும் செய்தியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். "வாடிக்கையாளர்" என்று இந்தப் பக்கம் சொல்வதும் அந்தப் பக்கம் சொல்வதும் ஒன்றா என்று எந்தத் தரநிலையும் பார்க்காது. டீலருக்குத் தலைமை இடம் ஒன்று, சரக்கு இறக்கும் இடங்கள் மூன்று என்றால், எஸ்ஏபியில் அது நான்கு பதிவுகளாக இருக்கலாம், டாலியில் ஒரே லெட்ஜர்.

சின்ன விஷயங்களும் படுத்தும். எஸ்ஏபியில் வாடிக்கையாளர் எண் பத்து இலக்கம். 104520 என்பது உள்ளே 0000104520 என்று இருக்கும். குடோன் புரோகிராமில் அது வெறும் எண். நடுவில் ஒருவர் முன்பூஜ்யங்களை வெட்டுகிறார், இன்னொருவர் ஒட்டுகிறார், மூன்றாமவர் மறந்துவிடுகிறார். சர்வரில் நுழையும் இடத்தில் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு, உள்ளே முழுக்க அந்த வடிவில்தான் போக வேண்டும் என்று விதி வையுங்கள்.

எந்தத் தகவலுக்கு எந்த மென்பொருள் முதலாளி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடன் வரம்பு எஸ்ஏபியுடையது, இருப்பு குடோனுடையது, டீலரின் போன் எண் இணையதளத்துடையது என்கிற மாதிரி. அந்தத் தாள் இல்லாமல் நிரல் எழுத ஆரம்பிக்காதீர்கள்.

தமிழில் உள்ள பெயர்கள், முகவரிகள் குழம்பிப் போகின்றனவே?

மூன்று விதமாகக் குழம்பும்.

பழைய உள்ளூர் புரோகிராம்களில் தமிழ் என்று தெரிவது பல நேரம் பாமினி, டேப் போன்ற எழுத்துரு முறைகளில் சேமித்தது. திரையில் அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழ். எக்ஸ்எம்எல்லில் ஏறி அடுத்த மென்பொருளுக்குப் போனதும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. சர்வருக்குள் நுழையும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எந்த எழுத்துரு முறை என்பது அட்டவணைக்கு அட்டவணை மாறலாம் என்பதால் ஊகிக்க வேண்டாம், மாதிரிகளை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது நீளம். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். "முத்துலட்சுமி" என்ற பெயர், புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் சேர்த்து 13 குறியீடுகள், ஆக 39 பைட். ஆரக்கிளில் பெயருக்கு 30 பைட் என்று பழைய அட்டவணை இருந்தால் அது நுழையாது. நீளத்தை எழுத்துக் கணக்கில் வைக்கும் வசதி ஆரக்கிளில் உண்டு; அதற்கு மாற்றுங்கள்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாதது. "பொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. "பொன்னி ஏஜென்சீஸ்" இரண்டு வாடிக்கையாளர்களாகப் பதிவாகிக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். பெயரை ஒப்பிடுவதற்கு முன் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவாருங்கள். ஜாவாவில் அது ஒரே வரி.

செய்திகளை வழிமாற்றும் இஎஸ்பி, வேலையோட்டத்தை நடத்தும் பிபிஇஎல் மென்பொருட்கள் எல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. செய்தியை வழிமாற்றுவது, வடிவம் மாற்றுவது, பிரிப்பது, சேர்ப்பது ஆகியவற்றுக்கு அப்பாச்சி கேமல் என்ற இலவச நூலகம் அப்ளிகேஷன் சர்வருக்குள்ளேயே ஓடும். பல நாள் நீளும், மனிதர் ஒப்புதல் நடுவில் வரும் வேலைகளுக்கு மட்டும் தனி வேலையோட்ட மென்பொருள் பற்றி யோசியுங்கள்.

ஜாவாக்ஸ், ஜகார்த்தா என்று பெயர் மாறியதால் என்ன பாதிப்பு?

தரநிலை எக்லிப்ஸுக்குப் போனபோது, ஜாவாக்ஸ் என்று தொடங்கும் தொகுப்புப் பெயர்களில் புது மாற்றங்கள் செய்ய உரிமை கிடைக்கவில்லை. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9, எல்லாத் தொகுப்புப் பெயர்களையும் ஜகார்த்தா என்று மாற்றியது. அந்தப் பதிப்பின் பெரிய மாற்றமே அதுதான். பழைய நிரல் புதிய சர்வரில் அப்படியே ஓடாது. வைல்ட்ஃப்ளை 27-லிருந்தும் டாம்கேட் 10-லிருந்தும் இந்த மாற்றம் உண்டு. ஜேபாஸ் இஏபி 7.4 பழைய பெயர்களில், 8.0 புதிய பெயர்களில். பழைய வெப்ஸ்பியர் 9.0 ஜாவா இஇ 7-லேயே நிற்கிறது.

உங்கள் சொந்த நிரலை மாற்றுவது எளிது, அதற்குக் கருவிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வாங்கிய அடாப்டர்களைத்தான் முதலில் விசாரியுங்கள். புதிய பெயர்களில் அடாப்டர் வரவில்லையென்றால் சர்வரை ஏற்ற முடியாது. ஐபிஎம் எம்க்யூ இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் தருகிறது. எல்லா நிறுவனங்களும் தருவதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

நிர்வாகப் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். வெப்லாஜிக் தன் சொந்த டி3 நெறிமுறையையும் இணையப் பக்கங்களையும் இயல்பாக ஒரே 7001 போர்ட்டில் தருகிறது. 2015-ல் வெளியான சிவிஇ-2015-4852 என்ற எண்ணுள்ள ஓட்டை முதல், அந்த நெறிமுறை வழியாகத் தாக்கும் ஓட்டைகள் அடுத்தடுத்து வந்தன. முன்னால் ஒரு வெப் சர்வரை நிறுத்தி, தேவையான பாதைகளை மட்டும் விடுங்கள். அப்புறம், இணைப்புக்காக எல்லா மென்பொருளிலும் ஒரே சூப்பர் யூசரை உருவாக்கும் பழக்கத்தை விடுங்கள். குடோனுக்கு இருப்பு மாற்றும் அனுமதி மட்டும், டாலிக்கு வவுச்சர் மட்டும்.

சின்னச் சின்ன சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோ சர்வீஸ், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னட்டீஸ் காலத்தில் அப்ளிகேஷன் சர்வர் எதற்கு?

வடிவம் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. ஓப்பன் லிபர்ட்டியும் வைல்ட்ஃப்ளையும் இப்போது தேவையான பகுதிகளை மட்டும் எடுத்துக் கன்டெய்னரில் ஓடுகின்றன. குவார்க்கஸ் மாதிரியான புதியவையும் இதே தரநிலைகளில் பலவற்றை எடுத்துக்கொண்டுதான் எழுந்தன. க்யூவுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எந்தப் பெட்டியில் போட்டாலும் கூடவே வரும். குபர்னட்டீஸில் எக்ஸ்ஏ பயன்படுத்தும் சர்வரை ஓட்டினால், ஸ்டேட்ஃபுல் செட்டாக, நிலையான பெயரோடும் நிலையான டிஸ்க்கோடும் ஓட்டுங்கள். எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன் நிலுவைப் பரிவர்த்தனைகள் முடிந்துவிட்டனவா என்று பாருங்கள்.

ஒரு ஆர்டர் எங்கே மாட்டிக்கொண்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டீலர் ஆர்டர் போட்ட நொடியில் ஒரு அடையாள எண் கொடுத்து, அது போகும் இடமெல்லாம் கூடவே போகட்டும். ஜேஎம்எஸ் செய்தியில் அதற்கென்றே தொடர்பு எண் புலம் உண்டு. எச்டிடிபியில் ஒரு தலைப்பு வரியாக வையுங்கள். எஸ்ஏபியில் வாடிக்கையாளர் குறிப்பு எண் புலத்தில் போடலாம். ஒவ்வொரு லாக் வரியிலும் அது வர வேண்டும்.

அதன் மேல், ஆதரவுக் குழுவுக்கு ஒரு எளிய பக்கம் செய்து கொடுங்கள்: ஆர்டர் எண்ணைத் தட்டினால், எத்தனை மணிக்கு எந்த மென்பொருளைத் தாண்டியது, கடைசியாக எங்கே, என்ன பிழை என்று தமிழிலேயே காட்டட்டும். நிரல் எழுதுபவரை எழுப்பாமல் கிளை ஊழியரே "டாலி இன்னும் திறக்கலைங்க, திறந்ததும் போயிடும்" என்று டீலரிடம் சொல்ல முடிய வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே திசையில் போகும், தவறினாலும் கையால் சரிசெய்யக்கூடிய ஒரு ஓட்டத்தை எடுங்கள். குடோன் இருப்பை டீலர் இணையதளத்துக்குக் காட்டுவது நல்ல தேர்வு. அதில் க்யூ, லாக், இறந்த செய்திகளின் க்யூவைப் பார்க்கும் ஆள் எல்லாம் ஒழுங்காக ஓடட்டும். பிறகு ஆர்டர். இ-இன்வாய்ஸ் கட்டாயத் தேதி நெருங்கிவிட்டதென்றால் மட்டும் அதை முன்னுக்கு இழுங்கள், அப்போதும் "அனுப்ப வேண்டியவை" அட்டவணையையும் பில் பூட்டையும் விட்டுவிடாதீர்கள்.